ரயிலடி கேள்வி–பதில்: தனுஷ்கோடி

கேள்வி: பள்ளிச் சுற்றுலாவாகத் தனுஷ்கோடி போயிருந்தோம். இடிந்த சுவர்களைக் காட்டி 'இதுதான் ஸ்டேஷன்' என்றார் வேன்காரர். சுற்றிலும் மணல்தான். அங்கே யாருக்காக ஸ்டேஷன் கட்டினார்கள்?
– ஓர் ஆசிரியை, பரமக்குடி

பதில்: டீச்சர், புயலை விட்டுவிட்டு ஸ்டேஷனைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. நான் மீட்டர் கேஜ் (பழைய குறுகிய பாதை) காலத்து ரயில் கார்டு, வண்டியின் கடைசிப் பெட்டியில் வருகிறவன். தனுஷ்கோடி என்றதுமே எல்லாரும் 1964இல் புயல் அடித்த அந்தக் கடைசி ராத்திரியைத்தான் கேட்பார்கள். அதற்கு முன் ஐம்பது வருஷம் அங்கே வண்டி வந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த ஸ்டேஷன் கப்பலுக்காக வந்தது. முன்பெல்லாம் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நெடுந்தூரம் கப்பலில் ஆட்டம் காண வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். அப்புறம் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார் சுமார் 35 கிலோமீட்டர்தான். அக்கரையில் கொழும்பு வண்டி நிற்கும். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். கப்பல்களுக்கு கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர். பாம்பனில் பாதை இரண்டாகப் பிரியும். மெயின் லைன் தனுஷ்கோடிக்கு, ராமேஸ்வரம் வெறும் கிளைப்பாதை. இதைச் சொன்னால் இன்றைக்கு ராமேஸ்வரத்துக்காரர்களே நம்புவதில்லை.

கப்பல் ஏறியவர்களில் கோட்டுப் போட்ட துரைமார் கொஞ்சம். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஜனங்கள்தான் ஏராளம். அவர்களை நேரே விட மாட்டார்கள். பாலத்துக்கு இக்கரையில் இருந்த மண்டபம் கேம்ப்பில் இறக்கி, நோய்நொடி இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் வைத்திருந்து, பிறகுதான் கப்பல். அந்த கேம்ப்பை நடத்தியது இலங்கை அரசு, நம் மண்ணிலேயே! என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போய் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தவர். தனுஷ்கோடியில் இறங்கியதும் பொரித்த மீன் வாங்கித் தின்றதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாராம்.

கேள்வி: புயலன்று கைகாட்டி சிக்னலில் விளக்கு இல்லாமல் டிரைவர் காத்து நின்று, நீளமாக விசில் ஊதிவிட்டு வண்டியை எடுத்தார் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: பார்த்தீர்களா, கேட்டுவிட்டீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர். ஆறு பெட்டி. தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. 115 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் வாங்காதவர்களையும் சேர்த்தால் கூடும். வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அப்படியானால் அந்த விசிலைக் கேட்டுச் சொன்னது யார்? விளக்கு அணைந்திருக்கலாம், அந்தக் காற்றில் எது நிற்கும்? ஆனால் டிரைவர் மனசில் என்ன ஓடியது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியோடும் கைவிளக்கோடும் ஒரு கார்டு இருந்திருப்பார். அவரை எந்தக் கதையிலும் காணோம்.

கேள்வி: புயலுக்குப் பிறகு ஏன் அந்தப் பாதையைச் சரிசெய்யவில்லை? இனி ரயில் வருமா?
– ஒரு கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: பாம்பன் பாலத்தின் கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) பெரும்பாலும் கடலுக்குள் போயிருந்தன. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். தனுஷ்கோடி லைனைத் தொடவில்லை. ஊரே குடியிருக்க லாயக்கில்லை என்று அறிவித்தாயிற்று. கிளைப்பாதை மெயின் லைன் ஆனது, கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபர் 30இல், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்பது என்ற சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதன்படி திரும்பி வந்தபோது ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்தது எங்கே? அதே மண்டபம் கேம்ப்பில்.

ரயில் விஷயம்: 2017இல் தனுஷ்கோடியைத் தாண்டி, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை ரோடு வந்தது. 2019 மார்ச்சில் தனுஷ்கோடிக்குப் புது ரயில்பாதை என்று அடிக்கல் நாட்டினார்கள். கல்லோடு நிற்கிறது.

டீச்சருக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை பிள்ளைகளை அழைத்துப் போனால், அங்கே நிற்கிற ரயில்வே தண்ணீர்த் தொட்டியைக் காட்டுங்கள். மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர் இருந்தாலும் நீராவி இன்ஜினுக்கு வேண்டியது நல்ல தண்ணீர்.