கனடாவில் முதல் வேட்டைத் துப்பாக்கி

வேட்டை உரிமம் இருந்தும் கடைக்காரர் ஏன் துப்பாக்கி தர மறுத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். வேட்டை உரிமம் மாகாணம் தருவது. துப்பாக்கி வைத்திருக்கவும் வாங்கவும் பி.ஏ.எல். (Possession and Acquisition Licence) எனும் மத்திய அரசு உரிமம் தனியாக வேண்டும். முதலில் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து தேர்வில் தேறணும், அப்புறம் மத்திய காவல்துறையான ஆர்.சி.எம்.பி.க்கு விண்ணப்பம், முதல்முறை என்றால் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்பு, அதற்கு மேலும் இழுக்கலாம், அதனால் சீசனுக்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். வாழ்க்கைத்துணையின் கையெழுத்தும் கேட்பார்கள், வீட்டில் பேசிவிடுங்கள். போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு முறையும் போல்ட் எனும் கைப்பிடித் தண்டைக் கையால் இழுத்துக் குண்டு ஏற்றுவது) பாருங்கள். சுட்டதும் அடுத்த குண்டு தானே ஏறும் செமி ஆட்டோமேட்டிக்கில் பல மாடல்களுக்கு 2020 மே முதல் தடை. சின்னப் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னீர்கள். குண்டு நிரப்பி வீட்டில் வைப்பது சட்டப்படியே குற்றம், பூட்டி வைப்பதோ போல்ட்டைக் கழற்றி வைப்பதோ கட்டாயம், தயவுசெய்து இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.