கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் என்றால், பல்கலைக்கழகம் எது?

நம் ஊர் இணைப்புக் கல்லூரிகள் மாதிரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே முதுநிலை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இல்லை, கிட்டத்தட்ட தலைகீழ்.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தார்கள். கல்லூரி பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். கேம்பிரிட்ஜிலோ வகுப்பு, ஆய்வகம், தேர்வு, பட்டம் எல்லாமே பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. டிரினிட்டி கல்லூரி மாணவரும் கிர்ட்டன் கல்லூரி மாணவரும் இயற்பியல் வகுப்புக்கு ஒரே அரங்குக்குத்தான் போக வேண்டும்.

சரி, கல்லூரிக்கு என்ன வேலை? இளநிலை மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது, அறை, சாப்பாடு, அப்புறம் சூப்பர்விஷன். இரண்டு மூன்று பேரை மட்டும் உட்கார வைத்து, அவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கட்டுரையையோ போட்ட கணக்கையோ ஆசிரியர் ஒரு மணி நேரம் அலசுவார். "இந்த வரியை ஏன் எழுதினாய்?" என்று கேட்டால் ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்ச் கிடையாது. அந்த ஊரின் பலம் பழைய கட்டடங்களில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பேன்.

இந்த அமைப்பு யாரும் திட்டம் போட்டு வந்ததல்ல. 1209-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஊர்க்காரர்களோடு தகராறு முற்றி, படிக்க வந்தவர்கள் சிலரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜில் வந்து தங்கினார்கள். அப்போது கல்லூரியே இல்லை, வாடகை இடங்கள்தான். ஈலி ஆயர் ஹியூ டி பால்ஷம் 1284-இல் முதல் கல்லூரியான பீட்டர்ஹவுஸைத் தொடங்கியபோது பல்கலைக்கழகத்துக்கு 75 வயது. பிறகு அரசர்களும் ஆயர்களும் செல்வந்தர்களும், நம் மடங்களுக்கு எழுதி வைத்த மாதிரி, நிலபுலன் எழுதி வைத்து ஒவ்வொரு கல்லூரியாக ஏற்படுத்தினார்கள். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொத்து, தனிச் சட்டதிட்டம், தன் ஃபெலோக்களை, அதாவது கல்லூரியை நடத்தும் மூத்த உறுப்பினர்களை, தானே தேர்ந்தெடுக்கும் உரிமை. நம் ராமானுஜனை டிரினிட்டி 1917-இல் ஃபெலோவாக ஏற்கவில்லை. 1918-இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான், அதே ஆண்டு அக்டோபரில் ஏற்றது.

கல்லூரி ஒரு பக்கம் போக, பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம் இழுத்ததும் உண்டு. பெண்களுக்கான கிர்ட்டன் 1869-இலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகம் 1948 வரை எடுத்துக்கொண்டது.

நீங்கள் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று: இளநிலைக்கு ஒரு கல்லூரியைக் குறிப்பிடலாம், குறிப்பிடாமலும் விடலாம். கேட்ட இடத்தில் இடமில்லாவிட்டால், நல்ல மாணவரை வேறு கல்லூரி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. முதுநிலைக்கு முதலில் துறை சம்மதிக்க வேண்டும், கல்லூரி அதற்குப் பிறகுதான்.