தாராபாக்கா: வென்றவர்கள் ஏன் பின்வாங்கினார்கள்?

சிலியோடு நடந்த பசிபிக் போரில் பெருப் படைக்காகப் போரிட்ட ஆந்திரேஸ் காசெரெஸ் பற்றி எழுதும்போது, "1879 நவம்பர் 27 தாராபாக்காவில் பெரு வென்றது", "தாராபாக்கா மாகாணம் சிலியிடம் போனது" என்ற இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரி.

அன்று பெருப் படை பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. சிலிப் படை மேட்டில். கர்னல் காசெரெஸ் தன் ஆட்களோடு செங்குத்தான சரிவில் குண்டுமழைக்கு நடுவே ஏறி, மேலே இருந்த பீரங்கிகளையே பிடித்தார். ஆனால் அவற்றை இழுத்துப்போகக் குதிரை இல்லை. ஓடுகிறவர்களைத் துரத்தவும் குதிரைப்படை இல்லை. உணவும் தோட்டாவும் தீர்ந்துபோயின. அக்டோபர் 8-ல் அங்காமோஸ் கடற்போரில் பெருவின் வாஸ்கார் போர்க்கப்பல் பிடிபட்டதும் கடல் சிலியின் கைக்குப் போய்விட்டதால், உதவி வரவும் வழியில்லை. அதனால்தான் ஜெயித்த படை பாலைவனம் வழியே, பெருவின் கையில் இருந்த அரிக்கா துறைமுகத்துக்கு நடந்தது. 1883 அன்கோன் சமாதான ஒப்பந்தத்தில் மாகாணம் முறைப்படி கைமாறியது.

இன்னொன்று. உங்கள் குறிப்பு 1881 ஜனவரியில் பெருவின் தலைநகர் லிமா வீழ்ந்ததோடு நிற்கிறது. தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள், காசெரெஸின் பெரிய அத்தியாயமே அப்புறம்தான். லிமாவை ஒட்டிய மிராஃப்ளோரெஸில் நடந்த சண்டையில் காலில் குண்டு பட்டவரை லிமாவில் இயேசு சபைத் துறவிகள் ஒளித்துவைத்தார்கள். ஏப்ரலில் தப்பி, மலைமேல் ஹௌஹா ஊருக்குப் போனார். மலை மக்களின் மொழியான கெச்சுவாவைச் சரளமாகப் பேசுவார். மலைக் கிராமத்து விவசாயிகள் ஈட்டியும் கவணுமாக அவரோடு சேர்ந்தார்கள், "தைத்தா", அதாவது அப்பா, என்றே கூப்பிட்டார்கள். 1883 ஜூலை 10, வாமாச்சூக்கோவில் தோற்கும்வரை சிலிப் படையை மலையில் நிம்மதியாக இருக்க விடவில்லை. 1886-ல் நாட்டின் அதிபரானார்.