ஆகஸ்டில் வரும் உறையை ஓரமாக வைத்துவிடாதீர்கள்

கேள்வி: கணவரும் நானும் இந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்டோம். வாஷிங்டன் மாநிலத்தில் சமாமிஷில் வீடு, வேலை ரெட்மண்டில். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான தேர்தலில் இதுதான் எங்கள் முதல் ஓட்டு. சென்னையில் பிறந்த காங்கிரஸ் உறுப்பினர் பிரமிளா ஜெயபாலுக்குப் போட வேண்டும் என்று ஆசை. நியூ ஜெர்சியில் இருக்கும் கொழுந்தனார், "ஆகஸ்டில் வருவது பிரைமரி, நவம்பருக்கான வேட்பாளர்களை வடிகட்டும் முதற்கட்டத் தேர்தல், அது கட்சிக்காரர்கள் சமாசாரம், நவம்பரில் போட்டால் போதும்" என்கிறார். அப்படியா? வாக்குச்சாவடி எங்கே இருக்கும்? எங்களோடு இருக்கும் மாமியாருக்கு கிரீன் கார்டு இருக்கிறது. அவரும் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. மாமியார் ஓட்டுப் போடக் கூடாது. வாக்காளராகப் பதிவும் செய்யக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் தெரியாமல் ஒரு படிவத்தில் "குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால்கூட, பிற்பாடு குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும்போது அது பூதம் போலக் கிளம்பும். நாட்டை விட்டு அனுப்பும் அளவுக்கும் போகலாம். கடை வாசலில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு கையெழுத்து கேட்பவர்களிடம், "நான் இன்னும் சிட்டிசன் இல்லை" என்று சொல்ல அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும்.

சரி, இனி உங்கள் ஓட்டு.

பிரமிளா ஜெயபாலுக்கு நீங்கள் ஓட்டுப் போட முடியாது. அவர் 7-ஆவது தொகுதி. சியாட்டில் நகரத்தின் பெரும்பகுதி அதில் வருகிறது. உங்கள் சமாமிஷ் இருப்பது 8-ஆவது தொகுதியில். வேலைக்குப் போகும் ரெட்மண்டின் பெரும்பகுதி 1-ஆவது தொகுதி. வேலை எங்கே என்பது கணக்கில்லை, இரவு தலை சாய்க்கும் வீட்டின் முகவரிதான் கணக்கு. சியாட்டில்காரர்கள் என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டாலும், ஏரியைச் சுற்றி ஒரே வார இறுதியில் நாம் போய்வரும் நாலு நண்பர் வீடுகள் நாலு தொகுதிகளில் இருக்கலாம்.

வாஷிங்டனுக்கு மொத்தம் 10 தொகுதிகள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னால் 9 இருந்தன. 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 77 லட்சத்தைத் தாண்டியது. அதைப் பத்தாகப் பிரித்தால் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய 7 லட்சத்து 70 ஆயிரம் பேர். மாநிலத்துக்குள் தொகுதிகளின் மக்கள்தொகை கூடியவரை சமமாக இருக்க வேண்டும் என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பத்து ஆண்டுக்கு ஒரு முறை எல்லைகளைத் திருத்தியே ஆக வேண்டும். தொகுதி மறுவரையறை என்ற சொல்லே தமிழ்நாட்டில் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. இங்கே அது வழக்கமான வேலை.

வழக்கமான வேலை என்பதற்காக அது யோக்கியமாகவே நடக்கும் என்று சொல்லவில்லை. பல மாநிலங்களில் ஆட்சியில் இருக்கும் கட்சியே கோடு போடுகிறது. வாஷிங்டனில் 1983-இல் அரசமைப்பைத் திருத்தி அந்த வேலையை ஓர் ஆணையத்திடம் கொடுத்தார்கள். இரு கட்சிகளுக்கும் இரண்டிரண்டு பேர், ஓட்டுரிமை இல்லாத ஒரு தலைவர். வரைபடம் நிறைவேற வேண்டுமானால் இரு கட்சிக்காரர்களும் சம்மதித்தாக வேண்டும். 2021 நவம்பரில் இவர்கள் நள்ளிரவுக் கெடுவைத் தவறவிட்டார்கள். இருந்தும் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தையே இருக்க விட்டது. அப்புறம் 2025-இல் டெக்சாஸ் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே தொகுதிகளை மாற்றி வரைந்தது, பதிலுக்கு கலிஃபோர்னியாவும் மாற்றியது. அந்த மாநிலங்களில் உறவினர்கள் இருந்தால், தங்கள் தொகுதி எண்ணை மறுபடி ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் 8-ஆவது தொகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த தொகுதி அது. ஒரு பக்கம் சமாமிஷ், இஸாக்வா என்று மென்பொருள்காரர்கள் குடியிருக்கும் மலைச்சரிவு. ஐ-90 சாலையில் ஸ்னோக்வால்மி கணவாயைத் தாண்டி இறங்கினால் மழை நின்றுவிடும், மரங்கள் மாறும், அதுவும் இதே தொகுதிதான். வடக்கே வெனாட்சியில் ஆப்பிள் தோட்டங்கள், எல்லன்ஸ்பர்க் பக்கம் வைக்கோல் வயல்கள். எச்-1பி விசா பற்றிக் கவலைப்படுகிற உங்கள் தெருவும், பழம் பறிக்க ஆள் கிடைக்குமா என்று கவலைப்படுகிற விவசாயியும் ஒரே ஆளைத்தான் வாஷிங்டன் டி.சி.க்கு அனுப்ப வேண்டும். முதல் தேர்தல் நடந்த 1982 முதல் 2016 வரை இங்கே ஜெயித்தவர்கள் எல்லாரும் ரிபப்ளிகன்கள். 2018-இல் குழந்தை மருத்துவரான கிம் ஷ்ரையர் ஜெயித்தார், அந்தத் தொகுதியின் முதல் டெமாக்ரட். அதற்குப் பிறகு வந்த தேர்தல்களிலும் அவரே. இரு கட்சிகளும் உண்மையாகவே மோதிப் பார்க்கும் தொகுதி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஜெயபால் தொகுதியில் குடியிருப்பதைவிட, எண்ணிக்கையின்படி பார்த்தால், உங்கள் ஓட்டுக்கு இங்கே கனம் அதிகம்.

இப்போது கொழுந்தனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் ஊருக்கு அவர் சொல்வது பொருந்தும். நியூ ஜெர்சியில் ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட அந்தக் கட்சியில் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாஷிங்டனில் நடைமுறையே வேறு. இங்கே வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டமே கிடையாது. காங்கிரஸ் பிரைமரியில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் ஒரே பட்டியலாக வருவார்கள். யாராக இருந்தாலும் ஒருவருக்குப் போடலாம். அதிக ஓட்டு வாங்கிய முதல் இரண்டு பேர், எந்தக் கட்சியாக இருந்தாலும், நவம்பருக்குப் போவார்கள். இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் அப்படியேதான். 2004-இல் மக்கள் வாக்கெடுப்பில் கொண்டுவந்த முறை இது. கட்சிகள் வழக்குப் போட்டு, 2008 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்ன பிறகு, அந்த ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. சீட்டில் வேட்பாளர் பெயருக்குக் கீழே "டெமாக்ரட்டிக் கட்சியை விரும்புகிறார்", "ரிபப்ளிகன் கட்சியை விரும்புகிறார்" என்று இருக்கும். விரும்புகிறார் என்பதைக் கவனியுங்கள். கட்சி அவரை நிறுத்தியது என்று அதற்கு அர்த்தம் இல்லை, அவராக எழுதிக்கொடுத்தது அது. ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வாக்காளர் கையேட்டில் அவர் தன்னைப் பற்றி எழுதியிருப்பதையும் படித்துவிடுங்கள்.

ஆகஸ்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 3-ஆவது தொகுதியில் 2022-இல் நடந்ததைச் சொன்னாலே போதும். மாநிலத்தின் தென்மேற்கு மூலை, வான்கூவர் நகரம் இருக்கும் பகுதி. ஆறு முறை ஜெயித்த ஜெய்மி ஹெரேரா பியூட்லர் மறுபடி நின்றார். ரிபப்ளிகனாக இருந்தும் 2021-இல் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டை ஆதரித்து ஓட்டுப் போட்டவர் அவர். அதனால் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. டிரம்ப் ஆதரவோடு ஜோ கென்ட் நின்றார். டெமாக்ரட் தரப்பில் மோட்டார் பட்டறை நடத்திய மரி குளூசன்காம்ப் பெரஸ். ஆகஸ்ட் 2 இரவு எண்ணியவரை ஹெரேரா பியூட்லர் இரண்டாம் இடத்தில் இருந்தார். தபாலில் வந்த மிச்ச உறைகளைப் பிரித்து எண்ண எண்ண இடைவெளி சுருங்கி, கென்ட் முந்திவிட்டார். ஆகஸ்ட் 9 அன்று ஹெரேரா பியூட்லர் தோல்வியை ஒப்புக்கொண்டார். இருவருக்கும் கிடைத்தது தலா 22 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். பன்னிரண்டு ஆண்டு எம்.பி.யாக இருந்தவரின் பெயர் நவம்பர் சீட்டிலேயே இல்லை. அந்த நவம்பரில் பெரஸ், கென்ட்டை மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்கடித்தார். நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த ஹெரேரா பியூட்லர் ஆதரவாளர்களுக்கு நவம்பரில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

இன்னும் நெருக்கமாக ஒன்று. 2024 ஆகஸ்டில் மாநிலப் பொது நில ஆணையர் பதவிக்கு ஏழு பேர் நின்றார்கள், அதில் ஐந்து பேர் டெமாக்ரட்டுகள். அந்தக் கட்சியின் ஓட்டு ஐந்தாகச் சிதற, இரண்டு ரிபப்ளிகன்களும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்துவிடும் நிலை. கையால் மறுபடி எண்ணிய பிறகு டேவ் அப்த்கிரோவ் 49 ஓட்டில் இரண்டாம் இடத்தைப் பிடித்தார். மாநிலம் முழுக்கப் பத்தொன்பது லட்சம் பேர் போட்ட தேர்தலில் 49. நவம்பரில் அவரே ஜெயித்து ஆணையரானார். காங்கிரஸ் தொகுதி இல்லை என்றாலும் முறை அதேதான்.

சில தொகுதிகளில் ஆகஸ்ட் ஒரு கட்சியை முழுசாகவே வெளியே தள்ளிவிடும். நீங்கள் கேட்ட ஜெயபாலே 2016-இல் முதன்முதலாக ஜெயித்தபோது நவம்பரில் எதிரே நின்றவர் இன்னொரு டெமாக்ரட். 2024-இல் 9-ஆவது தொகுதியில் இரண்டு டெமாக்ரட்டுகள். மலைக்கு அந்தப் பக்கம் யாக்கிமா இருக்கும் 4-ஆவது தொகுதியில் இரண்டு ரிபப்ளிகன்கள், டான் நியூஹவுஸும் ஜெராட் செஸ்லரும். அந்த மாதிரித் தொகுதியில் எந்தக் கட்சி என்பது ஆகஸ்டிலேயே முடிந்துபோகிறது, எந்த ஆள் என்பது மட்டும்தான் நவம்பருக்கு. இருந்தும் ஆகஸ்டில் ஓட்டுப் போடுபவர்கள் நவம்பரைவிட மிகக் குறைவு. கோடை விடுமுறை, ஊருக்குப் போயிருப்போம், பள்ளி திறக்கும் கவலை. நம் குடும்பங்கள் ஜூலையில் சென்னைக்கோ மதுரைக்கோ விமானம் ஏறிவிடுகின்றன என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும் விஷயம்.

இந்த ஆண்டு, 2026-இல், பிரைமரி ஆகஸ்ட் 4, பொதுத் தேர்தல் நவம்பர் 3. வாக்குச்சாவடி தேட வேண்டாம். வாஷிங்டனில் எல்லாருக்கும் சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும், தேர்தலுக்கு 18 நாளுக்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். பதிவு செய்ய அமெரிக்கப் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உறுதிமொழி எடுத்த நாள் முதலே உரிமை வந்துவிட்டது, வாஷிங்டன் ஓட்டுநர் உரிமம் இருந்தால் இணையத்திலேயே முடித்துவிடலாம். இணையம், தபால் வழியாகப் பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு. அதையும் தவறவிட்டால், நேரில் போய்த் தேர்தல் நாளன்று இரவு 8 மணி வரைகூடப் பதிந்து அங்கேயே ஓட்டுப் போடலாம்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: உறையின் மேல் போடும் கையெழுத்து. சீட்டில் பெயர் எதுவும் எழுத வேண்டாம், ஆனால் உறையில் கையெழுத்து இல்லாவிட்டால் ஓட்டு எண்ணப்படாது. அந்தக் கையெழுத்தை உங்கள் பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது சின்னக் கண்ணாடித் திரையில் கிறுக்கியதாக இருக்கும். பத்து ஆண்டுக்கு முன் தமிழில் போட்டிருப்பீர்கள், இப்போது அலுவலகப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் போடுவீர்கள். இனிஷியல் முன்னால் போய் அப்பா பெயர் பின்னால் வந்திருக்கும். தமிழில் கையெழுத்துப் போடுவதில் எந்தத் தடையும் இல்லை, பதிவில் இருப்பதோடு பொருந்தினால் சரி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மேசையில் இரண்டு உறையும் அருகருகே கிடக்க, கணவர் உறையில் மனைவியும் மனைவி உறையில் கணவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டுமே நின்றுபோயின. கவுன்ட்டி (மாவட்ட) தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, இருவரும் படிவத்தை நிரப்பி அனுப்ப, ஓட்டு எண்ணப்பட்டது. அப்படிக் கடிதம் வந்தால் விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முடிவைச் சான்றளிக்கும் நாளுக்கு முன் பதில் போய்ச் சேர வேண்டும்: பிரைமரி என்றால் தேர்தலிலிருந்து 14 நாள், பொதுத் தேர்தல் என்றால் 21 நாள். பதிவு செய்யும்போதே தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

தபால்தலை ஒட்ட வேண்டாம், செலவு அரசுடையது. ஆனால் தேர்தல் நாள் தேதியோ அதற்கு முந்தைய தேதியோ உள்ள தபால் முத்திரை விழ வேண்டும் என்பது விதி. கடைசி நாள் மாலையில் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டால் மறுநாள் முத்திரைதான் விழும், ஓட்டு போய்விடும். தபால் என்றால் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கவுன்ட்டி வைத்திருக்கும் டிராப் பாக்ஸ். நூலகம், நகர அலுவலகம் மாதிரி இடங்களில் பெரிய இரும்புப் பெட்டியாக நிற்கும். தேர்தல் நாளன்று இரவு சரியாக 8 மணிக்கு ஊழியர்கள் அதன் வாயைப் பூட்டிவிடுவார்கள். 8 மணிக்கு வரிசையில் நிற்பவர்களிடம் வாங்கிக்கொள்வார்கள்.

ஜூலையில் ஊருக்குப் போவதாக இருந்தால் இப்போதே மாநில வாக்காளர் இணையதளத்தில் நுழைந்து, சீட்டு வரவேண்டிய முகவரியை மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் வாக்காளருக்கு மின்னஞ்சலிலும் சீட்டு அனுப்பும் ஏற்பாடு உண்டு. திரும்பி வந்த பிறகு அதே தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள், உங்கள் உறை வந்து சேர்ந்ததா, கையெழுத்து ஏற்கப்பட்டதா என்று காட்டும்.