பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் சேர்ந்தால் படிப்புச் சுமை எப்படி இருக்கும்?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்த தங்கைக்குப் பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் இடம் கிடைத்திருக்கிறது. ஊர் அம்பாசமுத்திரம், தினமும் போய் வர வேண்டும். "தமிழ்தானே, சும்மா படிச்சிரலாம்" என்கிறார்கள் வீட்டில். அப்படியா?

பதில்:

சும்மா படிக்க முடியாது. அதற்காக ராத்திரி பகலாகக் கண் விழிக்க வேண்டிய படிப்பும் இல்லை. கணக்கு, இயற்பியல் மாதிரி வாரா வாரம் லேப், ரெக்கார்டு என்று கழுத்தைப் பிடிக்காது. அங்கேதான் வம்பு. யாரும் கேட்காததால் இலக்கணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, நவம்பரில் மழையும் செமஸ்டரும் சேர்ந்து வரும்போது மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் ஏறாது. நாவல், சிறுகதை, இலக்கிய வரலாறு எல்லாவற்றையும் கடைசிப் பத்து நாளில் ஒப்பேற்றலாம். புணர்ச்சி விதியை ஒப்பேற்ற முடியாது.

முதலில் வகுப்புக் கணக்கு. வாரத்துக்கு 30 மணி நேரம் பாடவேளை. முதல் இரண்டு வருஷம் பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் ஆளுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப்பாடம்), சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி எல்லாம். தமிழ் மேஜர் எடுத்தவர்களுக்கும் பகுதி ஒன்று தமிழ் தனியாக உண்டா என்று முதல் வாரத்தில் நிறையப் பேர் விழிப்பார்கள். உண்டு. பி.காம்., பி.எஸ்சி. பிள்ளைகள் படிக்கும் அதே தாள்தான் பெரும்பாலும். அதில் வரும் இலக்கிய வரலாறும் செய்யுளும் மேஜருக்கும் உதவும், அதனால் இரண்டுக்கும் ஒரே நோட்டு போட்டால் வேலை மிச்சம்.

ஆங்கிலத்தை மட்டும் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. தமிழ்த் துறையில் அரியர் விழும் இடம் இரண்டு: ஒன்று இலக்கணம், மற்றொன்று பகுதி இரண்டு ஆங்கிலம். மேஜரில் எல்லாத் தாளும் முதல் வகுப்பில் தேறி, ஒரே ஒரு ஆங்கிலத் தாள் நிற்பதால் டிகிரி கைக்கு வராமல் பி.எட். சேர முடியாமல் காத்திருக்கிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். வணிகவியல் படித்தது தமிழ்வழியில் என்றால், முதல் செமஸ்டரிலேயே வாரம் மூன்று மணி நேரம் ஆங்கிலத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இனி இலக்கணம். தாள்களின் வரிசை பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் மாறும். நன்னூல் எழுத்து, நன்னூல் சொல், யாப்பும் அணியும், அகப்பொருள் புறப்பொருள், கடைசியில் தொல்காப்பியம் என்று போவது பரவலான ஏற்பாடு. நன்னூல் என்ற இலக்கண நூலில் மொத்தம் 462 நூற்பா (சூத்திரம்). பாயிரம் 55, எழுத்து 202, சொல் 205. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள். எழுத்ததிகாரம் ஒரு தாளாக வந்தால் நாளைக்கு இரண்டேகால் நூற்பா, அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. இதையே கடைசி ஒரு மாதத்துக்குத் தள்ளினால் நாளைக்கு ஏழு, அதோடு இன்னும் நான்கு தாள். கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிகிறதல்லவா?

படிக்கும் முறை இப்படி: நூற்பாவை ஒரு முறை சத்தமாக வாசித்து, சொல் பிரித்து எழுதி, உரையைப் பார்க்காமல் பொருள் சொல்லிப் பார்த்து, பிறகுதான் உரைக்குப் போக வேண்டும். மாணவர்களுக்கு ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை (சுருக்கமான உரை) போதும். விருத்தியுரை (விரிவான உரை) ஆழமானது, எம்.ஏ.வில் பார்த்துக்கொள்ளலாம். (அதை எழுதிய சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். திருத்தி விரித்த சிவஞான முனிவர் உங்கள் ஊருக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரம். நன்னூல் நம்ம ஊர்ச் சரக்கு என்று தங்கையிடம் சொல்லி வையுங்கள், கொஞ்சம் பயம் தெளியும்.)

மதிப்பெண் போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். "பைந்தளிர் – புணர்ச்சி விதி தருக" என்று கேட்டால் பசுமை + தளிர் என்று பிரித்து, ஈறுபோதலால் பசு + தளிர், அடியகரம் ஐயாதலால் பைசு + தளிர், இனையவும் என்பதால் சு கெட்டு பை + தளிர், இனமிகலால் பைந்தளிர் என்று நான்கு படியும் எழுத வேண்டும். பாதிப் பேர் பசுவிலிருந்து நேரே 'பை'க்குத் தாவிவிடுவார்கள். விடை சரி, படி இல்லை, மதிப்பெண் பாதி. இந்த விதிகளெல்லாம் அடங்கிய, "ஈறு போதல்" என்று தொடங்கும் அந்த ஒரு நன்னூல் நூற்பாவை மனப்பாடம் செய்து, பத்துப் பதினைந்து சொல்லுக்குக் கையால் எழுதிப் பார்த்தால் இந்தத் தவறு போய்விடும்.

யாப்பில் அலகிடுதல் (சீரை அசை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்வது) எளிது, பழகியவர்களுக்கு முழு மதிப்பெண். பழகாதவர்கள் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப விழுவார்கள். குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. நெடிலை அடுத்துக் குறில் வந்தால் சேராது. "ஆதி" என்பது நேர் நேர், தேமா. அதை நிரை என்று போட்டால் சீர் ஓரசையாகிவிடும், அடுத்த தளையும் (சீரும் சீரும் சேரும் கட்டு) கெடும். முதல் குறளையே எடுத்துக்கொள்ளுங்கள்: புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமா, புளிமா, கடைசிச் சீர் பிறப்பு. மா முன் நிரை, காய் முன் நேர் என்று எல்லாத் தளையும் ஒழுங்காக வரும். ஒரு நாளைக்கு ஒரு குறள் வீதம் அலகிட்டுத் தளை சரிபார்த்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். வெண்பாவில் தளை தட்டினால் நாம் எங்கோ தப்பு விட்டிருக்கிறோம் என்று பாட்டே காட்டிக்கொடுத்துவிடும், வாத்தியார் வேண்டாம்.

சங்க இலக்கியத் தாளில் சிக்கல் வேறு வகை. பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு நோட்ஸில் இருக்கும் கருத்தை மட்டும் படிப்பார்கள். பாட்டின் தொடர் அமைப்புப் பிடிபடாததுதான் காரணம். எந்தப் பாட்டை எடுத்தாலும் முதலில் முற்று (வாக்கியத்தை முடிக்கும் சொல்) எது, அதற்கு எழுவாய் எது என்று தேடச் சொல்லுங்கள். குறுந்தொகை 25-ஆம் பாட்டில் "யாரும் இல்லை" என்று முதலடியில் வருவது, கடைசியடியில் வரும் "தான் மணந்த ஞான்று" (தலைவன் என்னைச் சேர்ந்த நாளில்) என்பதோடு சேர்கிறது. இடையில் உள்ள தினைத்தாளும் ஆரல் மீனும் குருகின் (நீர்ப்பறவை) வருணனை. இந்தக் கொக்கி மாட்டியதும் பாட்டு திறந்துவிடும். அதே பாட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நீர், மீன், குருகு எல்லாம் கண்ணில் பட்டதும் மருதம், நெய்தல் என்று எழுதிவிடுவார்கள். திணை குறிஞ்சி. கருப்பொருள் (நிலத்தின் பறவை, மரம் போன்றவை) மயங்கி வரலாம், உரிப்பொருளை (கூடல், பிரிதல் போன்ற உணர்வு) வைத்துத்தான் திணை. பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி கூற்று, கேட்போர், திணை, துறை, முற்று, உள்ளுறை என்று ஆறு வரி எழுத ஒரு பாட்டுக்குக் கால் மணி நேரம் போதும். வகுப்பு நடந்த அன்று ராத்திரியே எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்தால் அதே வேலைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

காப்பியம், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம் மூன்றும் சுமை குறைவு. அதிலும் நம்ம பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம்: குற்றாலக் குறவஞ்சியில் வரும் மலையும் அருவியும், முக்கூடற் பள்ளில் வரும் சீவலப்பேரிப் பக்கத்து ஆறுகளும் கண்ணால் பார்த்தவை. இந்தத் தாள்களுக்குப் பாட்டு மனப்பாடம் மட்டும் வேண்டும். எட்டு மதிப்பெண் விடையில் பொருத்தமான மேற்கோள் இரண்டாவது இல்லாவிட்டால் எவ்வளவு பக்கம் நிரப்பினாலும் மதிப்பெண் ஏறாது.

தேர்வு முறை கல்லூரியைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென்று வினாத்தாள் அமைப்பு வைத்திருக்கும். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பழக்கமான வடிவம்: எக்ஸ்டர்னல் 75, இன்டர்னல் 25. எக்ஸ்டர்னல் மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, எட்டு மதிப்பெண் ஐந்து. ஒரு மதிப்பெண் பகுதிக்குக் கால் மணி நேரம், ஐந்து மதிப்பெண் விடைக்கு 12 நிமிஷம், எட்டு மதிப்பெண் விடைக்கு 20 நிமிஷம் என்று வைத்தால் திருப்பிப் பார்க்க ஐந்து நிமிஷம் மிஞ்சும். இருபது நிமிஷத்தில் மூன்று பக்கம் தமிழ் எழுதக் கை ஓட வேண்டும். செல்போனிலேயே படித்துப் பழகியவர்களுக்குக் கை ஓடாது, கடைசி எட்டு மதிப்பெண் விடை அரைப் பக்கத்தில் நிற்கும். தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது கடிகாரம் வைத்து முழுத்தாள் எழுதிப் பார்ப்பது நல்லது. ஒற்றுப்பிழையை மற்றத் துறைகளில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், இங்கே சிவப்பு மை பாயும்.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். அம்பையிலிருந்து (அம்பாசமுத்திரம்) வருகிறவர்களுக்கு முதல் பாடவேளை தாமதம் ஒரு தொல்லை. மழைக்காலத்தில் பஸ் சொன்ன நேரத்துக்கு வராது. ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை – திருநெல்வேலி ரயில் அம்பை வழியாகத்தான் வருகிறது. நேரம் ஒத்துவந்தால் சீசன் டிக்கெட் மலிவு, உட்கார இடமும் கிடைக்கும். ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். மகளிர் இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான், அம்பை பஸ்ஸில் செல்லாது. பயண நேரத்தில் உரை வாசிக்க வேண்டாம், தலை வலிக்கும், மனதிலும் நிற்காது. அன்றைய இரண்டு நூற்பாவையும் ஒரு பாட்டையும் சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு முணுமுணுத்து வந்தாலே மனப்பாட வேலை முழுக்க பஸ்ஸில் முடிந்துவிடும்.

தங்கை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்திருக்கிறார்கள். சேர்க்கையின்போதே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்றாம் வருஷமோ எம்.ஏ.விலோ திட்டக்கட்டுரை வரும். நாட்டார் வழக்காறு எடுக்கிறவர்கள் இங்கே அதிகம். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கோயில் கொடையில் (ஊர்த் தெய்வத் திருவிழா) நேரிலேயே கிடைக்கும்போது வேறு தலைப்புக்கு ஏன் போக வேண்டும், நியாயம்தான். ஆனால் நாட்காட்டி ஒத்துவராது. கட்டுரை ஏப்ரலில் கொடுக்க வேண்டும். கொடை மும்முரமாவது பங்குனிக்குப் பிறகு. அந்த வருஷக் கொடையை நம்பினால் ஒலிப்பதிவும் கட்டுரையும் ஒரே நேரத்தில் நெருக்கும், அதனால் முந்தைய வருஷக் கொடையிலேயே பதிவு செய்து வைத்துவிட வேண்டும். ஒரு மணி நேர வில்லுப்பாட்டைக் கேட்டு எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், குடமும் உடுக்கையும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் இன்னும் கூடும். வில்லுப்பாட்டைப் பாடும் புலவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, பெயர், வயது, ஊர், கோயில், தேதி எல்லாம் அன்றைக்கே குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பாதித் தகவல் போய்விடும்.

வேலை வாய்ப்பைக் கேள்வியில் கேட்கவில்லை, ஆனால் படிப்பு முறையோடு சம்பந்தம் உண்டு. குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான நெட் தேர்வில் இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண், முழுக்கத் தமிழ். இரண்டிலும் நூற்பா, ஆசிரியர், உரையாசிரியர், அடி வரையறை என்று துல்லியமாகக் கேட்பார்கள். அன்றன்றைக்கு எழுதிய அந்த ஆறு வரி நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் கோச்சிங் கட்டணம் பெருமளவு மிச்சம்.

சேர்வதற்கு முன் வாங்க வேண்டியது நன்னூல் காண்டிகையுரை ஒன்று, யாப்பு இலக்கணத்துக்கு யாப்பருங்கலக்காரிகை எளிய உரையோடு ஒன்று. சங்க நூல்களை மூலமும் உரையுமாகத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மற்றதெல்லாம் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். தொல்காப்பியத்தை இப்போதே வாங்க வேண்டாம். அந்தத் தாள் வரும்போது எந்த உரையைப் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கினால் போதும். சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையத்தை வைத்திருக்கும் இடத்தில் இளம்பூரணத்தை வாங்கி வைத்துக்கொண்டு பயன் இல்லை.