ஆண்ட்ரூ இங்: வன்னிப் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். ஆராய்ச்சியில் இருந்து செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகளைத் தொடங்கப் போனவர்களில் ஒருவரைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும், அதிகம் பேர் கேட்டது ஆண்ட்ரூ இங் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முள்ளியவளை, உயர்தர மாணவி: சேர், இவர் சின்ன வயதிலேயே கம்பனி தொடங்கினவரா?

இல்லை பிள்ளை. 1976இல் லண்டனில் பிறந்தவர், ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம், புள்ளிவிபரவியல், பொருளியல் மூன்றையும் படித்து 1997இல் பட்டம் பெற்றார். எம்ஐடியில் முதுமாணி. பிறகு கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஜோர்டனிடம் (கூடைப்பந்து வீரர் வேறு ஆள்) ஆய்வு செய்து 2002இல் கலாநிதிப் பட்டம். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கச் சேர்ந்தார். இணையத்தில் பாடம் நடத்தும் கோர்செரா கம்பனியைத் தொடங்கியது 2012இல். அதற்கு முன் பத்து வருடம் வகுப்பறையும் ஆய்வுகூடமும்தான். பத்திரிகைகள் அந்தப் பத்து வருடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என் கண்ணில் அதுதான் அவருடைய அத்திவாரம்.

பரந்தன்: தானாகப் பறக்கும் ஹெலிகொப்டர் செய்தாராமே, உண்மையா அண்ணா?

உண்மை தம்பி. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹெலிகொப்டரைத் தலைகீழாகப் பறக்கவிடுவதும் காற்றில் குட்டிக்கரணம் போடவைப்பதும் லேசில்லை. எந்த நொடியில் எந்த விசையை எவ்வளவு அசைப்பது என்று விதி விதியாக எழுதிக் கொடுத்து முடியாது. அதனால் ஆண்ட்ரூ இங்கும் அவருடைய மாணவர்கள் பீட்டர் அபீல், ஆடம் கோட்ஸ் ஆகியோரும் வேறு வழியில் போனார்கள். தொலைவிலிருந்து ஹெலிகொப்டரை இயக்கும் கைதேர்ந்த விமானி ஒருவரை அதே சாகசத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்துப் பதிவு செய்தார்கள்.

அந்த விமானியால்கூட ஒருமுறையும் பிசகில்லாமல் செய்ய முடியாது. ஒருமுறை காற்று தள்ளும், ஒருமுறை கை கொஞ்சம் பிந்தும். ஆனால் ஒவ்வொரு முறையும் பிசகு வேறு வேறு இடத்தில் வருகிறது. எல்லாப் பதிவுகளையும் நேரப்படி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால், அந்த மனிதர் உண்மையில் எந்தப் பாதையில் பறக்க நினைத்தார் என்பதை மதிப்பிடலாம். 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. கணினி பழகியது அவர் பறந்த பாதையை அல்ல, பறக்க நினைத்த பாதையை. அதனால் சில சாகசங்களில் அது விமானியையே மிஞ்சியது.

இணைந்த கணிதமும் நிகழ்தகவும் எதற்கு என்று வகுப்பில் கேட்கிறவர்கள் இந்த ஆய்வைப் பாருங்கள். முழுக்க முழுக்க அதுதான்.

புதுக்குடியிருப்பு: நல்ல பேராசிரியர் வேலை இருக்க கூகிளுக்கு ஏன் போனார்?

பெரிய இயந்திரம் தேவைப்பட்டது. நரம்பணி வலையமைப்பு, அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே பழகும் கணிதக் கட்டமைப்பு, பெரிதாக ஆக நன்றாகப் பழகுகிறது என்பது அவர் குழுவுக்குத் தெரிந்துவிட்டது. வீடியோ கேம் படங்களை வரையச் செய்த ஜிபியு சில்லுகளில் அதை ஓட்டினால் சாதாரண கணினியை விட 70 மடங்கு வரை வேகம் கிடைக்கும் என்று 2009இலேயே காட்டியிருந்தார்கள். அதையும் தாண்டிய அளவு ஒரு பல்கலைக்கழகத்தில் கிடைக்காது.

2011இல் கூகிளின் பொறியியலாளர் ஜெஃப் டீன் போன்றவர்களோடு சேர்ந்து கூகிள் பிரெய்ன் என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 1,000 கணினிகளில் 16,000 கருக்களை (சில்லுக்குள் கணக்குச் செய்யும் பகுதிகளை) மூன்று நாள் ஓட்டி, யூடியூப் வீடியோக்களிலிருந்து எடுத்த 1 கோடிப் படங்களைக் காட்டினார்கள். எது பூனை என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு அலகு பூனை முகத்தைக் கண்டால் மட்டும் பலமாகத் துலங்கியது. எல்லோரும் இந்தப் பூனையைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2013இல் வந்தது. அதே அளவு வலையமைப்பை ஜிபியு பூட்டிய மூன்றே கணினிகளில் ஓரிரு நாளில் பழக்கலாம் என்று ஸ்டான்ஃபோர்டில் அவரும் மாணவர்களும் காட்டினார்கள். கூகிளிடம் மட்டும் முடிந்த ஒன்று ஒரு ஆய்வுகூடத்துக்குள் வந்துவிட்டது.

மாங்குளம்: கோர்செரா அவருடையதா சேர்?

அவரும் டாஃப்னி கோலர் என்ற பேராசிரியரும் சேர்ந்து தொடங்கியது. 2011இல் ஸ்டான்ஃபோர்டின் இயந்திரக் கற்றல் (எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினியைப் பழக்குவது) பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். மண்டபத்தில் சில நூறு பேருக்குச் சொன்ன பாடம் அது. அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு வந்ததுதான் கோர்செரா. 2021இல் அது நியூயோர்க் பங்குச் சந்தைக்கும் போனது.

மல்லாவி, ஒரு தகப்பன்: படிப்பிக்கிறவர் கடைசியில் காசுக்குத்தானே போயிருக்கிறார்?

காசு வந்ததை மறைக்கத் தேவையில்லை ஐயா. 2014 முதல் 2017 வரை சீனாவின் தேடுபொறிக் கம்பனியான பைடுவில் தலைமை விஞ்ஞானியாக இருந்தார். 2018இல் 17.5 கோடி டொலர் நிதியோடு ஏஐ ஃபண்ட் தொடங்கிப் புதுக் கம்பனிகளை உருவாக்கி வருகிறார். 2024இல் அமேசானின் இயக்குநர் சபையிலும் சேர்ந்தார். இவ்வளவும் வியாபாரம்தான்.

ஆனால் பைடுவை விட்ட கையோடு, 2017இல் முதலில் தொடங்கியது டீப்லேர்னிங்.ஏஐ. அது பாடம் நடத்தும் நிறுவனம். பழைய இயந்திரக் கற்றல் பாடத்தையும் 2022இல் பைதன் என்ற நிரல் மொழிக்கு மாற்றிப் புதிதாகப் பதிவு செய்தார். காசு மட்டும் வேண்டுமென்றால் அதைச் செய்யத் தேவையில்லை. எனக்கு அந்த மனிதரில் மரியாதை வருவது இதனால்தான்.

கண்டாவளை: நெற்பயிரின் நோயைப் போனில் படம் எடுத்துக் கண்டுபிடிக்க ஒரு செயலி செய்ய ஆசை. எங்களிடம் லட்சக்கணக்கான படங்கள் இல்லையே?

இதற்கு இங்கின் லாண்டிங் ஏஐயைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகளில் படம் பார்த்துப் பழுது பிடிக்கும் கம்பனி, அதுவும் 2017இல் தொடங்கியதுதான். தொழிற்சாலையிலும் பழுதான பொருளின் படங்கள் சொற்பமாகத்தான் கிடைக்கும். உருக்குத் தகட்டுப் பழுது பற்றி 2021இல் ஓர் உரையில் சொன்னார்: தொடக்கத்தில் துல்லியம் 76.2 வீதம். கணினி மாதிரியை என்ன திருத்தியும் அது ஏறவில்லை. மாதிரியை அப்படியே விட்டு, படங்களையும் அவற்றுக்கு இட்ட பெயர்களையும் சீராக்கியபோது 93.1 வீதத்துக்கு வந்தது.

ஆகவே முதலில் நிரலைத் தொடாதீர்கள். காலபோகத்தில் எரிபந்த நோய் பட்ட நெல் இலைகளைக் காலை, மத்தியானம், நிழல், வெயில் என்று வெவ்வேறு வெளிச்சத்தில் படம் எடுங்கள். நோயில்லாத இலைகளையும் உரம் குறைந்து மஞ்சளான இலைகளையும் மறக்காமல் எடுங்கள், செயலி ஏமாறுவது அங்கேதான். பிறகு அதே படங்களை இரண்டு விவசாயப் போதனாசிரியர்களிடம் தனித்தனியாகக் காட்டி, என்ன நோய் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் ஆள் காட்டுவார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகாத படங்களைத் தனியே எடுத்து வைத்து, மூவருமாக இருந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். இங் சொல்லும் முறையும் இதுதான். உங்கள் வயலை அறிந்தவர்கள் உங்களைச் சுற்றி இருக்கிறார்கள், அந்த அறிவு பெரிய கம்பனிகளிடம் இல்லை. கட்டாயம் தொடங்குங்கள், படங்கள் சேர்ந்ததும் எனக்கும் காட்டுங்கள்.

நெடுங்கேணி: தமிழர் யாரும் இந்தத் துறையில் கம்பனி தொடங்கவில்லையா?

பெர்பிளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுத் தேடல் கம்பனியின் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னைக்காரர். சென்னை ஐஐடியில் மின்பொறியியல், பேர்க்லியில் கலாநிதிப் பட்டம், சட்ஜிபிடி செய்த ஓப்பன்ஏஐயில் ஆய்வு வேலை, பிறகு 2022இல் வேறு மூவரோடு கம்பனி. பேர்க்லியில் அவருக்கு ஆசிரியர் யார் தெரியுமா? மேலே ஹெலிகொப்டரில் சொன்ன அதே பீட்டர் அபீல். ஜோர்டனிடம் இங், இங்கிடம் அபீல், அபீலிடம் அரவிந்த். அபீலும் 2017இல் கோவேரியன்ட் என்ற ரோபோக் கம்பனியை மாணவர்களோடு சேர்ந்து தொடங்கியவர்.

துணுக்காய்: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கு. தொழினுட்பப் பிரிவு வேறு. எனக்கு இதெல்லாம் சரிவருமா சேர்?

சரிவரும். இங்கின் ஸ்டான்ஃபோர்ட் விரிவுரைகள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. கணிதம் கடினமாக இருந்தால் அவருடைய "எல்லோருக்கும் ஏஐ" பாடத்தில் தொடங்கு, அதில் நிரலும் இல்லை, சமன்பாடும் இல்லை. கோர்செராவில் சான்றிதழுக்குக் கட்டணம் கேட்டால் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சி செய்ய, நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் கூகிள் கொலாப் என்ற தளம் போனின் பிரவுசரிலேயே திறக்கும். சின்னத் திரையில் தட்டுவது கரைச்சல்தான், பாடசாலைக் கணினி அறையில் நேரம் கேட்டுப் பார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சியில்தான் இருக்கின்றன. வவுனியா 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். ஆங்கிலம் விளங்காத இடத்தில் வீடியோவை நிறுத்தி, நிமிடத்தைக் குறித்து எனக்கு அனுப்பு. தமிழில் எழுதித் தருகிறேன்.