கன்றைக் கொன்றது யார்? ஓநாய்க் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் கொலராடோவில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: காட்டில் ஓநாய் விட்டால் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஓநாயைவிட வாக்குச்சீட்டு மேல்தான் கோபம் அதிகம் என்பேன். ஓநாயைக் கொண்டுவருவதா என்று 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. 50.91 சதவீத ஆதரவோடு மயிரிழையில் தேறியது. ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் டென்வர், போல்டர் பக்கத்து நகரவாசிகள். ஓநாய்களைக் கொண்டுபோய் விடச் சொன்னதோ ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே. அங்கே பெரும்பாலான மாவட்டங்கள் வேண்டாம் என்றே வாக்களித்தன. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்போமே, பண்ணைக்காரர் கண்ணுக்கு அதுதான் இது. 2023 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்திலிருந்து 10 ஓநாய்கள் வந்தன. 2024 ஏப்ரலிலேயே அவற்றால் முதல் கன்று போனது.

கேள்வி: இழப்பீடுதான் கொடுக்கிறார்களே, அப்புறம் என்ன?

கொடுக்கிறார்கள், ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை. சிக்கல் நிரூபிப்பதில். செத்த கன்றின் தோலை உரித்துப் பார்ப்பார்கள். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கும். செத்தபின் தின்றிருந்தால் அப்படி இருக்காது. இதைப் பார்க்க உடல் கிடைக்க வேண்டுமே! ஆயிரக்கணக்கான ஏக்கர் மலைக்காட்டில் மேயும் மந்தையில் ஒரு கன்று குறைந்தது, பல நேரம் இலையுதிர் காலத்தில் இறக்கி எண்ணும்போதுதான் தெரியும். அதற்குள் கழுகும் நரியும் வேலையை முடித்திருக்கும். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் இதற்காகவே, உறுதியான ஒரு சாவுக்குப் பல கன்றுகளின் விலையைக் கணக்கிட்டுத் தரும் முறை வைத்தார்கள்.

சாகாத கன்றிலும் நஷ்டம் உண்டு. மொன்டானா மாநிலத்தில் செய்த ஓர் ஆய்வில், ஓநாய் தாக்கிய பண்ணைகளில் கன்றுகள் சராசரியாக 10 கிலோ எடை குறைந்திருந்தன. கன்றை எடை போட்டு விற்பவனுக்கு அது நேரடி இழப்பு. கொலராடோ இதற்கும் காணாமல் போன கன்றுக்கும் பணம் தரத்தான் செய்கிறது. ஆனால் பழைய எடைக் கணக்குகளைக் காட்டி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கேள்வி: யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எல்க் மான்களை ஓநாய் அழித்துவிட்டது என்று வேட்டைக்காரர்கள் சொல்வது உண்மையா?

பாதி உண்மை. அங்கே 1995, 1996-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களை விட்டார்கள். வடக்கு மந்தையில் ஏறக்குறைய 19,000 இருந்த எல்க், 2013 வாக்கில் 4,000 ஆனது. ஆனால் அதே காலத்தில் கரடியும் பூமா என்ற மலைச்சிங்கமும் பெருகின, வறட்சி வந்தது, பூங்கா எல்லைக்கு வெளியே குளிர்கால வேட்டையும் தொடர்ந்தது. ஓநாய் உள்ள வயோமிங்கில் மாநில அளவில் எல்க்குக்குப் பஞ்சமில்லை. பழகிய இடத்தில் மான் கிடைக்காத வேட்டைக்காரருக்கு மாநிலக் கணக்கு ஆறுதல் தராது என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஓநாய் மனிதரைத் தாக்குமா?

யெல்லோஸ்டோனில் விட்டதிலிருந்து அப்படி ஒரு சம்பவமும் பதிவாகவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் கிடை போடும்போது ஆளும் நாயும் கூடவே படுப்பார்கள். அங்கே முடியாதா?

ஆட்டுக்கு முடியும், பிரெனீஸ் என்ற பெரிய காவல் நாய்களை மந்தையோடு விடுகிறார்கள். மாடுகளோ பரந்து மேயும், இரவில் பட்டிக்கு வராது. குதிரையில் சுற்றிக் காவல் காக்க ஆள் போடுகிறார்கள். வேலிக் கயிற்றில் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிட்டால் ஓநாய் கொஞ்ச நாள் தயங்கும். பழகிவிட்டால் தாண்டும்.